போனைக் கீழ வைக்கிறம், இருக்கிறதுக்கு இடத்தைக் காட்டுங்கோ

இளம் ஆக்களுக்கு இணையம் அலுத்துவிட்டதாம். நேரில் சந்திக்க வேணும், கூடியிருக்க வேணும், பாட்டை அது பாடப்படுகிற இடத்திலேயே போய் நின்று கேட்க வேணும் என்று ஆசைப்படத் தொடங்கிவிட்டார்களாம். கொஞ்ச நாளாக எங்கு பார்த்தாலும் இதே கதை. இந்தக் கதையைக் கேட்டு இரண்டு கூட்டம் நல்லாச் சந்தோசப்படுகுது. ஒன்று, "நாங்கள் அப்பவே சொன்னம்தானே" என்கிற பெரிய ஆக்கள். மற்றது, அந்த ஆசைக்கு ரிக்கெற் அடிச்சு விக்கிற ஆக்கள். எங்களுக்கு இரண்டு பேரோடயும் சண்டை இருக்கு.

ஆசை உண்மைதான், அதில் சந்தேகம் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எங்களில் கனபேர் ஓஎல்லுக்கும் ஏஎல்லுக்கும் படித்துக்கொண்டிருந்தவர்கள். கமெராவை நிறுத்தி வைத்த நாற்பது கறுப்புப் பெட்டிகளில் ஒரு பெயராக இருந்து இரசாயனவியல் படித்தோம். பிறகு பள்ளிக்கூடம் திறந்து, சப்பாத்து அளவில்லாமல் போய், புதுச் சப்பாத்து வாங்க முதலே 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பெற்றோலுக்கு வரிசை. ஓடுகிற பஸ் குறைந்தது, ரீச்சர்மாருக்கு வர வழியில்லை, திரும்பவும் சூம். பதினாறு வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடையில் ஒரு மனுசருக்கு என்னென்ன நடக்க வேணுமோ, அதில் பாதி எங்களுக்கு 6 அங்குலக் கண்ணாடிக்குள்ள நடந்து முடிந்தது. முதற்காதல் உட்பட. சிலருக்கு அது முடிந்ததும் அங்கேயேதான்.

ஆகவே இப்போது ஒரு மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினால் ஆக்கள் வருகிறார்கள். அந்தப் படம் ரெலிகிராமில் இருக்கென்று தெரிந்தும் வருகிறார்கள். 2015 இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். படத்தைவிடப் படம் முடிந்து வாசலில் நடக்கிற வாக்குவாதத்துக்காகத்தான் பாதிப்பேர் நிற்கிறது. தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கோ. பட்டத் திருவிழாவின் வீடியோ அன்று பின்னேரமே யூரியூப்பில் வந்துவிடும், வானத்திலிருந்து எடுத்தது, எங்கட கண்ணுக்குத் தெரிகிறதைவிட வடிவாகத் தெரியும். அப்படியிருந்தும் சனம் வெயிலில் கழுத்து நோக நோக மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறது. மலையகத்தில் காமன் கூத்து ஆடுகிற நாட்களில் கொழும்பில் கடையில் நிற்கிற பெடியள் லீவு கேட்டுத் தோட்டத்துக்கு ஓடுறது இதே ஆசையில்தான்.

ஒரு கவிதையை முகநூலில் போட்டால் இருநூறு இதயம் விழும். அதையே எட்டுப் பேருக்கு முன்னால் வாசித்தால் ஒருத்தி, "உதில மூன்றாவது வரி எனக்கு விளங்கேல்லை, உனக்கு விளங்கினதோ?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்காகத்தான் நாங்கள் பஸ் ஏறுகிறோம். முகத்துக்கு நேரே பிழை சொல்லலாம், சண்டை பிடிக்கலாம், சண்டை பிடிச்சிட்டு ஒன்றாகப் பிளேன்ரீ குடிக்கலாம். ஸ்கிரீன்சொட் எடுத்து வைக்க அங்கே ஒன்றும் இல்லை.

இதைக் கேட்டதும் பெரிய ஆக்கள் தலையாட்டுவார்கள். "எங்கட காலத்தில போன் இருந்ததே? மதகில இருந்து விடிய விடியக் கதைச்சனாங்கள்." நல்லது. அந்தக் காலத்தைக் கொஞ்சம் விரிச்சுப் பார்ப்பம்.

1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. அதற்குப் பிறகு வருசக்கணக்காக இல்லை. மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட கதையை வீட்டுக்கு வீடு சொல்லுகினம். எங்களுக்கும் கேட்க விருப்பம்தான். ஆனால் அது பொருளாதாரத் தடைக்குள் சனம் கண்டுபிடித்த வழி. ரேடியோவைச் சுற்றிக் கூடியிருந்தது ஊரில் ஒரு ரேடியோதான் பாடினபடியால். பொம்பர் வந்தபோது பங்கருக்குள்ளயும் எல்லாரும் கூடித்தான் இருந்தவை. கூடியிருந்ததெல்லாம் இனிமை என்று எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

அதற்கு முந்தின காலத்துக்கும் போவம். திண்ணை என்கிறீர்கள். திண்ணையில் இருந்தது யார், முற்றத்தில் நின்றது யார்? தேத்தண்ணிக் கடை என்கிறீர்கள். யாருக்குக் கிளாசில் கொடுத்தார்கள், யாருக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் கொடுத்தார்கள்? கோயிலிலும் கடையிலும் சாதி பார்த்து ஆளை மறிக்கிறது குற்றம் என்று 1957 இலேயே சட்டம் வந்தது. வந்தும், 1966 ஒக்ரோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போக வேண்டியிருந்தது. 1967 இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் வர வேண்டியிருந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் சனம் நாட்கணக்கில் இருக்க வேண்டியிருந்தது. ஒரு கடைக்குள் போய் மற்றவரோடு ஒரே வாங்கில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறதுக்கு ஆக்கள் அடிவாங்கினார்கள், உயிரும் போனது. நேரில் சந்திக்கிறது என்பது இந்த மண்ணில் சும்மா கிடைத்த ஒன்றில்லை, எல்லாருக்கும் கிடைத்ததுமில்லை. இந்தக் கதையை விட்டுவிட்டு மதகு மதகென்று சொன்னால் நாங்கள் நம்பத் தயாரில்லை.

அந்த மதகில் ஒரு பெண் பிள்ளை இருந்த கதையை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எங்கட அம்மாமாரைக் கேட்டோம். அவர்களின் கூடியிருப்பு கிணற்றடி, சமையற்கட்டு, செத்த வீடு, கோயில் மடப்பள்ளி. எல்லாம் வேலை நடக்கிற இடங்கள். சும்மா இருந்து கதைக்க என்று ஒரு இடம் அவர்களுக்கு ஊர் ஒதுக்கேல்லை. இன்றைக்கும் பின்னேரம் ஆறரைக்கு இரண்டு பெண் பிள்ளைகள் சந்தியில் நின்று பத்து நிமிசம் கதைத்தால், பதினோராவது நிமிசம் வீட்டுக்குப் போன் போகும். போன் எடுக்கிறவர் மதகில் இருந்து கதைத்துப் பழகின மாமாவாகத்தான் இருப்பார்.

இப்படியிருக்க, இணையத்தில் இருந்த எங்களை 'பொய் வாழ்க்கை வாழுறாங்கள்' என்று ஏசுகிறது எங்களுக்குப் பிடிக்கிறதில்லை. ஊர் தராத இடத்தைத்தான் நாங்கள் அங்கே தேடினோம். எங்களில் ஒருத்திக்கு எழுதுவதற்கு முதலில் கிடைத்த இடம் முகநூல், அதுவும் வேற பெயரில். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று மனம் போன பிள்ளைகள் தங்களைப் போல இன்னொருவர் இந்த ஊரில் இருக்கென்று அறிந்தது போனுக்குள்தான். இப்போது அவர்களில் சிலர் வானவில் கொடியோடு யாழ்ப்பாண வீதியில் நடக்கிறார்கள் என்றால், அந்த நடை தொடங்கினது ஒரு தொடுதிரையில். ரொறன்ரோவில் விசா அலுவல் முடியாமல் கிடந்த அக்கா ஒருத்தி அம்மாவின் செத்த வீட்டை நேரலையில் பார்த்து, கண்ணாடியைத் தடவி அழுததை எந்த வாயால் நாங்கள் பொய் என்று சொல்லுறது?

அங்கே எல்லாம் பூப்பந்தல் என்றும் சொல்லேல்லை. சாதி அங்கேயும் வந்தது, கலியாண விளம்பரம் முதல் கொமென்ற் வரை. படத்தை வெட்டி ஒட்டி மிரட்டுகிறவனும் வந்தான், அவனால் படிப்பை விட்ட பிள்ளைகளும் உண்டு. பிள்ளைகளையும் பெண்களையும் காப்பாற்றத்தான் என்று சொல்லி 2024 சனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். அந்தச் சட்டத்தை வாசித்த எங்களுக்குத் தெரிந்தது, காப்பாற்றுகிற பக்கங்களைவிட வாயை மூடுகிற பக்கங்கள் கூட என்பதுதான். ஆக, உள்ளேயும் நிம்மதி இல்லை. வெளியே வருகிறோம் என்றால் அதற்கும் இதுவும் ஒரு காரணம்.

வெளியே வந்தால் வாசலில் நிற்கிறவர் இரண்டாவது கூட்டத்து ஆள். கையில் ரிக்கெற் புத்தகம்.

'அனுபவம்' என்ற சொல்லை இவர்கள் படுத்துகிற பாட்டைச் சொல்லி முடியாது. முந்தி அனுபவம் என்றால் பட்டுத் தெரிகிறது. இப்போது அது இரண்டு மணித்தியாலம், முற்பதிவு கட்டாயம், மீளப்பெற முடியாத கட்டணம். மெழுகுதிரி வெளிச்சத்தில் பாட்டு ஒரு அனுபவம். பனங்கூடலுக்குள் சாப்பாடு ஒரு அனுபவம். போனை வாசலில் ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டு வரச் சொல்லுகிற பின்னேரமும் இருக்கு. போட்டுவிட்டுப் போனால் உள்ளே மூன்று பேர் கமெராவோடு நிற்பார்கள். போனில்லாமல் நீங்கள் சந்தோசமாகச் சிரிக்கிற படம் அன்றிரவே இன்ஸ்ரகிராமில் வந்துவிடும், அடுத்த கூட்டத்துக்கு ஆள் பிடிக்க. விசர்க் கதைதான். ஆனால் அதற்கும் இடம் நிரம்புது, ஏனென்றால் ஆசை அவ்வளவு.

2025 ஏப்ரலில் இந்த நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாகவும் நாட்சம்பளம் 1,080 ரூபாவாகவும் இருந்தது. ஒரு நடுத்தரமான கபேயில் கதிரையில் இருந்து ஒரு ஐஸ் கோப்பி குடிக்க 700, 800 போகும். உடுப்புக் கடையில் நிற்கிற பிள்ளை சிநேகிதியைச் சந்தித்து ஒரு மணித்தியாலம் கதைக்கிறதுக்கு ஒரு நாட்கூலியில் பாதிக்கு மேல் கொடுக்க வேணும். கோப்பிக்கு இல்லை அந்தக் காசு, கதிரைக்கு. கோப்பி முடிஞ்சதும் பில் வந்து மேசையில் கிடக்கும், எழும்புங்கோ என்று அர்த்தம்.

முற்றவெளிக் கதையையும் இந்த இடத்தில்தான் சொல்ல வேணும். 2024 பெப்ரவரி 9, ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி. முன்னுக்குக் காசு கொடுத்தவர்களுக்கான பகுதி, இடையில் தடுப்பு, அதற்குப் பின்னால் இலவசமாக நிற்கிற பெருஞ்சனம். தடுப்பு உடைந்தது, கூட்டம் முன்னுக்கு வந்தது, நிகழ்ச்சி இடையில் நிறுத்தப்பட்டது. அடுத்த ஒரு கிழமை முழுக்க எங்கட தலைமுறைக்கு ஏச்சு. ஒழுக்கம் இல்லை, பண்பாடு போச்சு, யாழ்ப்பாணத்தின் மானம் போச்சு. தடுப்பை உடைச்சது பிழை. நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் பட்ட பயத்துக்கு ஒருத்தரும் நியாயம் சொல்ல ஏலாது. ஆனால் அந்த ஏச்சுக்குள் ஒருத்தரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அவ்வளவு சனம் ஒரே இரவில் ஒரே வெளிக்கு ஏன் வந்தது? வருசம் முழுக்க நடக்காததை ஒரு நாளில் வைத்தால், பசியில் இருக்கிறவனுக்கு முன்னால் கம்பிக்கு அந்தப் பக்கம் இலை போட்டால், என்ன நடக்கும் என்று நினைத்தார்கள்? முற்றவெளி பொது நிலம். மாதத்துக்கு ஒரு பின்னேரம் அங்கே தடுப்பும் முன்வரிசையும் இல்லாமல் எங்கட ஊர்ப் பிள்ளைகளே பாடி ஆடியிருந்தால், அந்த இரவு அப்படி வெடித்திருக்காது என்பது எங்கட எண்ணம்.

இடம்தான் பிரச்சினை. மனம் எப்பவோ மாறிவிட்டது.

யாழ்ப்பாண நூலகத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நடக்காது. 1981 மே 31 இரவு தொடங்கின நெருப்பில் 97,000 அளவில் நூல்களும் சுவடிகளும் போயின. திரும்பக் கட்டினார்கள், நாங்கள் அங்கே இருந்துதான் சோதனைக்குப் படித்தோம். ஆனால் நூலகத்தில் கதைக்க ஏலாது, கதைக்கவும் கூடாது. கதைக்கிற இடம் எங்கே? அதற்குப் பக்கத்திலேயே இந்திய உதவியில் 11 மாடிக் கட்டடத்தோடு கலாசார மையம் எழும்பி 2023 பெப்ரவரியில் கையளிக்கப்பட்டது. 2025 சனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் வைத்ததும் 'யாழ்ப்பாணம்' என்ற சொல் எங்கே போனது என்று எவ்வளவு கொதிப்பு, எவ்வளவு அறிக்கை. சொல் திரும்பி வந்தது, சந்தோசம். அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே பத்துப் பெடி பெட்டையள் வட்டமாக இருந்து, ஒரு சதமும் கொடுக்காமல், ஒருத்தரிட்டயும் கடிதம் வாங்காமல், ஒரு சிறுகதையைப் பற்றி இரவு எட்டு மணி வரை கதைக்கலாமோ என்று எந்த அரசியல்வாதியாவது கேட்டதாக நாங்கள் அறியேல்லை.

எட்டு மணி என்றதும் இன்னொரு கேள்வி. வீட்டுக்கு எப்படிப் போறது? எங்கட கூட்டங்களில் ஆறு மணிக்கெல்லாம் கதிரை காலியாகத் தொடங்கும். கதை அலுத்து இல்லை, கடைசி பஸ்ஸுக்கு. மோட்டச்சைக்கிள் வைத்திருக்கிற பெடியள் மிஞ்சுவார்கள், பிறகு 'இலக்கியம் கதைக்கப் பெண்கள் வாறேல்லை' என்று ஒரு கட்டுரையும் வரும். சாவகச்சேரியிலிருந்தோ பருத்தித்துறையிலிருந்தோ வருகிற ஒரு பிள்ளைக்கு இரவு எட்டரைக்கு ஒரு பஸ், சந்தியில் எரிகிற லைற், பூட்டாத ஒரு கழிப்பறை. நேரடி வாழ்க்கைக்கு வேண்டியது இவ்வளவுதான். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மனநிறைவு, உறவின் ஆழம் என்று யாராவது மேடையில் பேசினால் கைதட்டுவார்கள்.

இன்னுமொன்றை மெல்லச் சொல்லி விட்டுவிட முடியாது. இங்கே பத்துப் பேர் கூடினால் எதிர்ப் பக்கத்தில் ஒருத்தர் மோட்டச்சைக்கிளில் சாய்ந்து நின்று படம் எடுப்பார். பிறகு மண்டபக்காரருக்குப் போன் வரும்: யார், எந்த ஊர், என்ன விசயம், யார் காசு. அடுத்த முறை மண்டபம் 'அன்றைக்கு வேற ஆக்களுக்குக் குடுத்தாச்சு'. 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்களை இரவில் கைதுசெய்தார்கள். ஒரு பானையைச் சுற்றி நின்று ஒரு வாய் கஞ்சி குடிக்கிறது இந்த நாட்டில் வழக்காகலாம். அதே கஞ்சியை 2022 மே 18 அன்று காலிமுகத்திடலில் கொடுத்தபோது, அதைக் குடித்த சிங்கள இளைஞர்கள் சிலர் அது என்னவென்று முதன்முறையாக அறிந்தார்கள். அதற்கு முந்தின மாதம், ஏப்ரல் 3, அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கிப் பார்த்தது. ஒரு நாள்கூட முழுசாகத் தாக்குப் பிடிக்கேல்லை. ஆக்கள் வீதிக்கு வந்துவிட்டார்கள். ஆள்கிறவர்களுக்கு எங்கட போனும் பயம், எங்கட வட்டமும் பயம். இரண்டுக்கும் பயப்படுகிறவர்களுக்குத் தெரிகிற ஒன்று, எது உண்மை வாழ்க்கை என்று பட்டிமன்றம் வைக்கிறவர்களுக்குத் தெரியேல்லை: இரண்டும் ஒரே ஆக்கள்தான்.

"இடத்தைத் திறந்து விட்டால் பெடியள் குடிப்பாங்கள், வாளோட வருவாங்கள், பெட்டையளுக்குப் பாதுகாப்பில்லை." இந்த மறுமொழி வரும் என்று தெரியும். வாளோட திரிகிறவனுக்கு இடப் பிரச்சினை இல்லை, அவனுக்கு ஊரே இடம். வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் உள்ள ஒரு அறைக்குள் அவன் வர யோசிப்பான். பாதுகாப்பு என்று சொல்லிப் பூட்டினதெல்லாம் எங்களுக்குத்தான் பூட்டுப்பட்டது.

புதுக் கட்டடம் ஒன்றும் நாங்கள் கேட்கேல்லை. ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கு. எங்கட அப்பப்பாமார் தாங்களே கல்லும் மண்ணும் சுமந்து கட்டினது, வாசிகசாலை என்று பெயர் சொல்லி வளர்த்தது. இப்போது காலமை இரண்டு பேப்பர் வந்து விழும், நாலு வயசான ஐயாமார் வாசித்துவிட்டுப் போக, பத்து மணிக்குப் பூட்டு. சுவரில் காலமான தலைவர்களின் படம், மூலையில் கால் உடைந்த கரம் போட், பழைய ஆண்டறிக்கைக் கட்டு. நிர்வாகத்தில் ஒரு பெண்ணும் இல்லை. சில ஊர்களில் ஒரே குறிச்சிக்குள் இரண்டு நிலையம் ஏன் என்று கேட்டுப் பாருங்கோ, ஒருத்தரும் நேரே பதில் சொல்ல மாட்டினம். சாதி என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாம் சொல்லுவினம். அதை மாற்றாமல் கதவை மட்டும் திறந்தால் பழைய மதகுதான் கூரையோடு திரும்பி வரும். ஆகவே நாங்கள் கேட்கிறது இரண்டும்: பின்னேரம் நாலிலிருந்து எட்டு வரை கதவு, நிர்வாகத்தில் பாதி பெண்கள், எந்தக் குறிச்சி என்று கேட்காத அங்கத்துவப் படிவம்.

எங்களில் மூன்று பேர் இருக்கிற ஊரில் தொடங்கிப் பார்த்தோம். நிலையத்துக்கு இரண்டு திறப்பு. ஒன்று தலைவரின் இடுப்பில். மற்றது முந்தின செயலாளரோடு கனடாவுக்குப் போய்விட்டது. மூன்றாவதாக ஒன்று வெட்டிக்கொள்ளலாமோ என்று கேட்டதற்கு, பொதுக்கூட்டம் கூடித்தான் முடிவெடுக்க ஏலும், கூட்டத்துக்குக் கோரம் வாறேல்லை என்றார் தலைவர். வாறதுக்கு ஆள் பிடிக்கிறம் என்றோம். அங்கத்தவராக வேணும் என்றார். சேருகிறம் என்றோம். படிவம் அலுமாரிக்குள் இருக்காம். அலுமாரித் திறப்பும் கனடாவில்தானாம். நேற்று இரவு அந்த முந்தின செயலாளரை வட்ஸ்அப்பில் பிடித்தோம். மனுசன் சிரித்துவிட்டு, இரண்டு திறப்பையும் இந்தக் கிழமை ஊருக்கு வருகிற ஒருத்தரிடம் கொடுத்துவிடுகிறார்.